பெற்றுக்கொண்டேன்

புறவழிச்சாலை திறந்து மூன்றாம் மாதம்
பழைய சாலை எங்கள் மேசைக்கு வந்தது
ஏழு தட்டச்சுத் தாள்களாக.
நரசராஜ கண்டிகைப் பாலம் முதல்
ஆந்திர எல்லைக்கல் வரை
பதினொன்று புள்ளி நான்கு கிலோமீட்டர்.
மாநில நெடுஞ்சாலை என்ற பெயர் நேற்றோடு போயிற்று.
இனி ஒன்றியச் சாலை.

ஒன்றியத்தில் ரோடு ரோலர் கிடையாது.
இருக்கிற ஒரு டிராக்டருக்கும்
போன பொங்கலிலிருந்து பேட்டரி வந்துகொண்டிருக்கிறது.

உதவிப் பொறியாளர் லோகபிராமன்
ஜீப்பில் உட்கார்ந்தபடி வாசித்து வர
நான் நடந்து சரிபார்த்தேன்.
சிறுபாலம் இருபத்து மூன்று.
எண்ணியதில் இருபத்திரண்டு.
'ஒண்ணு ரைஸ்மில்லுக்கு அடியில போகுது சார்,
மழை வந்தா தெரியும்.'

புளியமரங்களுக்கு நெற்றியில் எண் உண்டு.
நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தொன்று,
அடுத்தது நூற்று நாற்பத்தைந்து.
நடுவே மூன்று அடிக்கட்டைகள்.
அதில் ஒன்றின் மேல்
டியூப் முக்கிப் பார்க்கும் பேசினை வைத்திருக்கிறான்
பஞ்சர்க் கடைப் பையன்.
'மரங்கள் உள்ளபடி' என்று தாளில் இருந்தது.
கட்டையும் உள்ளதுதானே என்று
டிக் அடித்தேன்.

கேங்மேன் கன்னியப்பன்
ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் குந்தி
பச்சைத் தலையை ஆரஞ்சாக்கிக்கொண்டே வந்தார்.
இருபத்தாறு வருடமாக இதே ரோடு.
'பட்டியல்ல நான் எத்தனாவது அயிட்டம் சார்?'
இல்லை என்றேன்.
'அப்ப ரோடு உங்களுக்கு, நான் பொன்னேரிக்கு'
என்று பிரஷ்ஷைத் தட்டினார்.

நகரி மலை மூக்கை வெயில் தொட்ட நேரம்,
எட்டாம் கல்லுக்குச் சற்றே முன்னால்,
எதிரே வந்தாள் வனஜாட்சி,
டி.வி.எஸ் எக்ஸெல்லில் பக்கத்துக்கு ஒரு பால் கேன்.
லாரிக்கு ஒதுங்கினாள்.
முன்சக்கரத்தைக் குழி பெற்றுக்கொண்டது.

யாரும் முதலில் அவளைப் பார்க்கவில்லை.
பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் ஏழாம் தாளைப் பார்த்தேன்.
ஆறு தாளில் என் கையெழுத்து காய்ந்திருந்தது.
ஏழாவதில் தேதி மட்டும்.
'நேரம்' என்ற சொல்லுக்குப் பின்
வெறும் புள்ளிகள்.

'பத்தரைன்னு போடுங்க' என்றார் அவர்.
'பன்னண்டு' என்றேன் நான்.
இரண்டுக்கும் நடுவில் அவள்
முழங்கை கிழிந்து எழுந்துகொண்டிருந்தாள்.

கன்னியப்பன் சிவப்புக் கொடியைக்
கம்பிலிருந்து உருவிக் கட்டினார்.
ரத்தம் எவ்வளவு என்று தெரியவில்லை,
சிவப்பில் சிவப்பு.

அவள் கையைப் பார்க்கவில்லை.
ஒரு கேனின் மூடியைத் திறந்து
உள்ளே விரல் விட்டு அளந்தாள்.
'இருவதுல பதினாறு நிக்குது.'
பிறகு குழியைப் பார்த்தாள்.
விளிம்பு வரை பால், ஒரு சொட்டு வழியவில்லை.
'நாலு லிட்டர் பிடிக்குது சார் உங்க குழி.'

உங்க என்றதும்
இரண்டு பேரும் மற்றவரைப் பார்த்தோம்.

'யார் குடுத்தாலும் சரி,
சென்டர்ல லிட்டருக்கு முப்பத்தாறு' என்றாள்.
நூற்று நாற்பத்து நாலு என்று
கன்னியப்பன் மனக்கணக்கில் சொன்னார்;
வெட்டிப்போட்ட மரத்து நம்பரு, என்றும்.
பொறியாளர் நூறு எடுத்தார்.
மிச்சம் என் சட்டைப்பையில் சில்லறையாக இருந்தது.

குறிப்புரைக் கட்டத்தில் எழுதினேன்:
குழி ஒன்று. கொள்ளளவு நான்கு லிட்டர்.
'கனமீட்டர்ல எழுதணும்' என்றார்.
அடிக்கவில்லை.
நேரத்துப் புள்ளிகளை அப்படியே விட்டு
பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டேன்.

அதற்குள் எல்லைக்கு அந்தப்பக்கத்து நாய் ஒன்று வந்து
குழியை நக்கிக்கொண்டிருந்தது.
பால் இறங்க இறங்க
அடியில் கருங்கல் ஜல்லி,
அதற்கும் அடியில்
எந்தப் பட்டியலிலும் இல்லாத
செம்மண்.